லாபம், ரெண்டு, மூணு...

நவரை நடவு முடிந்து பயிர் பச்சை கட்டியதும், ஏரியை ஒட்டி வயல் வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும். 'தண்ணிக்கோழிக்கு என்ன மருந்து வைக்கலாம்?' என்பதுதான் அது. கேட்பவர் குரலில் கோபம் இருக்கும். நாலு நாளாக விடியற்காலையில் எழுந்து வயலுக்கு ஓடிய களைப்பும் இருக்கும்.

கள்ளக்குறிச்சியை அடுத்த ஓர் ஊரில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், பதிலுக்குக் காத்திராமல் மருந்தையே வாங்கி வந்துவிட்டார். ஏரி மதகுக்கு நேர் கீழே அவருக்கு 80 சென்ட் நிலம். அதனால் ஊரில் அவருக்கு 'மதகடிக்காரர்' என்றே பெயர். மதகிலிருந்து இறங்கும் வாய்க்கால் அவருடைய வரப்பை ஒட்டித்தான் போகிறது. வாய்க்கால் நெடுக ஆளுயரத்துக்குச் சம்பு. அந்தச் சம்புக்குள்ளிருந்து காலையும் மாலையும் நீலத் தாழைக்கோழிகள் வெளியே வந்து, தூர் கட்டும் பயிரைக் கடித்து இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். 'பாதி வயல் போச்சு' என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வழி சொல்லிக்கொடுத்தார்: அரிசிக் குருணையில் பூச்சிமருந்துக் குருணையைக் கலந்து வரப்போரம் தூவிவிட்டால் இரண்டே நாளில் சரியாகிவிடும். மருந்துப் பொட்டலம் மாட்டுக் கொட்டகை எரவாணத்தில் செருகியிருந்தது.

கரையில் இருபது பேர்

அந்த வாரச் சனிக்கிழமை, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அவரை ஏரிக்கரைக்கு இழுத்துப் போனாள். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஆசிரியர்கள் இருவர், வனக்காப்பாளர் ஒருவர், கூடவே விவசாயிகள் ஐந்து பேர். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நாள் முழுக்கப் பறவை பார்ப்பதாக ஏற்பாடு. முதலில் ஊர் ஏரி, பிறகு கோமுகி அணை, கடைசியில் கல்வராயன் மலை. வேனில் இடம் இருக்கிறது, அப்பாவும் வரலாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மதகடிக்காரருக்கு விருப்பமில்லை. "அதுங்கள நான் தெனமும்தான் பாத்துக்கிட்டு இருக்கன். காசு குடுத்தாலும் வேணாம்" என்றார். மகள் விடவில்லை.

தமிழ்நாடு வனத்துறை ஆண்டுதோறும் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. முதலில் நீர்நிலைப் பறவைகள், பிறகு நிலத்துப் பறவைகள் என்று இரண்டு கட்டம். 2025இல் நீர்நிலைக் கணக்கெடுப்பு மார்ச் மாதத்தில் நடந்தது. வனத்துறையினரோடு கல்லூரி மாணவர்களும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து எண்ணுவார்கள். பொங்கல் விடுமுறையில் ஆர்வலர்களே நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று ஒன்றும் உண்டு. இதற்கெல்லாம் பிள்ளைகளின் கண்ணும் காதும் பழக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாள்.

மாசிக் கடைசி. விடியற்காலைப் பனி இன்னும் விட்டபாடில்லை. ஏரியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. 'சத்தம் போடக்கூடாது, கையை நீட்டிக் காட்டக்கூடாது, பளிச்சென்ற சட்டை கூடாது' என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மதகடிக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மகள் தன் பழைய பச்சைத் துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்திவிட்டாள்.

கரையில் நின்றதும் அவர் கண் போனது சம்பு ஓரத்துக்குத்தான். "அதோ பாரு, திருட்டுக் கழுத" என்றார். சிவந்த மூக்கும் நெற்றியும், நீல உடம்பும், நீண்ட சிவப்புக் காலுமாகத் தாழைக்கோழி ஒன்று நடந்துகொண்டிருந்தது. வாலைச் சொடுக்கும்போதெல்லாம் அடியிலிருந்த வெள்ளை தெரிந்தது. ஒற்றைக் காலால் கோரைத் தண்டைப் பிடித்து, கையில் கரும்பு பிடித்துக் கடிப்பதுபோலக் கடித்தது. பிள்ளைகள் பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். மதகடிக்காரர் வாங்கவில்லை.

மரக்கால் கணக்கு

ஏரி நடுவில் கறுப்பாக ஒரு கூட்டம். அது நாமக்கோழி. நெற்றியில் வெள்ளை நாமம் போட்டாற்போல் இருப்பதால் அந்தப் பெயர். அதற்கப்பால் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும். இவை இரண்டும் வடக்கே மத்திய ஆசியா, சைபீரியாப் பக்கத்திலிருந்து மழைக்காலத்தில் இங்கு வந்து, பங்குனி வெயில் ஏற ஏறத் திரும்பிப் போகிறவை. போகும் தூரத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்த வாரங்களில்தான் உடம்பில் ஏற்றிக்கொள்கின்றன. இப்போது ஏரியில் அமைதியாக மேய விட்டால்தான் அவை ஊர் போய்ச் சேரும்.

இவ்வளவையும் எப்படி எண்ணுவது என்று ஒரு பையன் கேட்டான். ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார்: ஒவ்வொன்றாக எண்ணினால் பாதியில் பறந்துவிடும். முதலில் பத்துப் பறவையை மட்டும் எண்ண வேண்டும். அந்தப் பத்து, கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். பெரிய கூட்டம் என்றால் ஐம்பது, நூறாக வைக்கலாம்.

கூட வந்திருந்த எழுபது வயதுப் பெரியவர் சிரித்தார். "இது களத்துல மரக்கால் போடற கணக்குதான தம்பி. எங்களுக்கா சொல்லித்தர்ற?" என்றவர், கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு தொடங்கினார். "லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அது என்ன லாபம்? களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை. 'லாபம்' என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். மூட்டைக் கணக்கும் எடைமேடையும் வந்த பிறகு அந்தச் சொல் களத்தை விட்டுப் போய்விட்டது. பெரியவர் நாமக்கோழியைப் பத்துப் பத்தாக மரக்காலில் அளந்து இருபத்தாறில் முடித்தார். அதாவது 260. பைனாகுலர் வைத்திருந்த மாணவியின் கணக்கில் 272. ஆசிரியர் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு பிள்ளைகள் எதை எண்ணினாலும் லாபம் என்றே தொடங்கினார்கள். முக்குளிப்பான், லாபம், ரெண்டு. மீன்கொத்தி, லாபம். சகதியில் சிவப்புக் குச்சிக்காலோடு நடக்கும் பவளக்காலி, லாபம், ரெண்டு, மூணு. நத்தைகுத்தி நாரைகள் ஏழு நின்றன. அதன் இரண்டு அலகும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். அலகு நுனியை நத்தையின் வாய்க்குள் விட்டு, ஓட்டிலிருந்து சதையை வெட்டி இழுத்துவிடும். நடவு வயலில் நத்தைத் தொல்லை உள்ளவர்களுக்கு இதைவிடச் செலவில்லாத வேலையாள் கிடையாது.

கரைக்குக் கீழே உழவு ஓடிக்கொண்டிருந்தது. டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்குகள் ஓட்டமும் நடையுமாகப் போயின. இந்தப் பருவத்தில் தலையிலும் மார்பிலும் மஞ்சள் பூசினாற்போல் நிறம் ஏறியிருக்கும். மற்ற மாதங்களில் வெள்ளை வெளேர் என்றிருக்கும். பிள்ளைகள் வேறு பறவை என்று நினைத்துவிட்டார்கள். "அதேதான். கல்யாணத்துக்கு மஞ்ச பூசியிருக்குது" என்றார் மதகடிக்காரர். அன்று அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். உழுத மண்ணிலிருந்து புழுவும் கூட்டுப்புழுவும் வெளியே வருவதும், கொக்கு அதைப் பொறுக்குவதும் எந்த உழவருக்கும் தெரிந்த விஷயம். எதைத் தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு. பத்து நிமிடம் ஒரு கொக்கை மட்டும் பார்க்கும்படி ஆசிரியர் சொன்னார். பிள்ளைகள் எண்ணியதில் அது 23 முறை கொத்தியது.

கரையோரத் தரிசில் ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டு தலைக்கு மேலேயே சுற்றியது. வனக்காப்பாளர் எல்லாரையும் நிற்கச் சொன்னார். அது அப்படிக் கத்தினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று பொருள். மண் நிறத்தில், கூழாங்கல்லோடு கல்லாக மூன்று முட்டைகள். மதகடிக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். "உழும்போது இது கண்ணுல பட்டா, அந்த எடத்த மட்டும் ஏரைத் தூக்கிக்கிட்டுப் போவோம். எங்கப்பா அப்படித்தான் செய்வாரு" என்றார்.

அணையில் ஒரு பேச்சு

எட்டரை மணிக்கு வேன் கிளம்பி, கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணைக்குப் போனது. அணையின் முழு உயரம் 46 அடி. கல்வராயன் மலையில் பெய்யும் மழை இங்கே நின்று, கோமுகி ஆற்றிலும் வாய்க்கால்களிலும் இறங்கிக் கீழேயுள்ள ஏரிகளுக்குப் போகிறது. இதே மலையில் பிறக்கும் மணிமுக்தாவோடு சேர்ந்து, பிறகு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போய்விடும். தண்ணீர் இறங்கிய விளிம்பில் சகதி வெளியே தெரிந்தது. உள்ளான்கள் அதில் ஓடி ஓடிக் கொத்தின. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவையும் ஊர் திரும்பும் அவசரத்தில் இருப்பவை. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும்.

கட்டுச்சோற்றைப் பிரித்தபோது விவசாயிகளில் ஒருவர் ஆசிரியரிடம் கேட்டார். "சார், தப்பா நெனக்காதீங்க. இப்படிப் பறவைய எண்ணி எண்ணி எழுதினா, நாளைக்கு சரணாலயம்னு பலகை நட்டுட்டு, ஏரித் தண்ணிய எங்களுக்கு இல்லன்னு சொல்லிட மாட்டாங்களா?"

மற்றவர்கள் மனதிலும் இருந்த கேள்விதான் அது. ஆசிரியர் வேடந்தாங்கலைச் சொன்னார். வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள்தான் ஆட்சியரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அப்போதைய செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். சட்டமும் வனத்துறையும் வருவதற்கு வெகுகாலம் முன்பே காவல் உழவர்களிடம் இருந்தது. இன்றைக்கும் அது பாசன ஏரிதான். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியும் பாசனத்துக்கென்று உள்ளதுதான். 2024 ஜனவரியில் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டு ஈரநிலங்கள் 20 இருந்தன. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. "ஏரி காய்ஞ்சு போனா பறவைக்கும் இல்ல, நமக்கும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதான்" என்றார் ஆசிரியர்.

அப்போது வேன் ஓட்டுநர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அங்கே மயில் தொல்லை தாங்காமல் ஒருவர் நெல்லில் மருந்து கலந்து வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் இரண்டு மயில் செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மாவின் கோழி ஒன்பதும் செத்தது. செத்த கோழியைத் தின்ற நாயும் செத்தது. "அந்தம்மாவுக்கு அந்தக் கோழிதான் பொழப்பு. ரெண்டு குடும்பமும் இன்னி வரைக்கும் பேசிக்கறதில்ல" என்றார்.

வனக்காப்பாளர் சட்டத்தைச் சொன்னார். 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மயில் மட்டுமல்ல, கொக்கு, தாழைக்கோழி, வாத்து என்று எதை விஷம் வைத்துக் கொன்றாலும் வழக்கும் சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், ஏரித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள் என்று அவரே தொடர்ந்தார். குருணை மருந்துகளில் சில, ஒரே ஒரு குருணை தின்றாலும் சின்னக் குருவி செத்துவிடும் அளவுக்குக் கடுமையானவை. அவை நரம்பைத் தாக்குபவை. செத்த பறவை தண்ணீரில் விழும். அதைத் தின்ற பருந்துக்கும் நரிக்கும் நாய்க்கும் ஆபத்து. வரப்பில் தூவியதை மழையும் பாசனத் தண்ணீரும் வாய்க்காலுக்குக் கொண்டுபோகும். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அதே வாய்க்காலில்தான் மாடு தண்ணீர் குடிக்கும்.

மதகடிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மகள் "யப்பா, சாப்புடு" என்றாள். அவர் வீட்டிலும் ஆறு கோழிகள் உண்டு. சாயங்காலம் அவை மேயப் போவது அந்த வாய்க்கால் வரப்புக்குத்தான்.

மலையில் பரண்

மதியத்துக்கு மேல் வேன் வெள்ளிமலைப் பாதையில் ஏறியது. வழியில் மக்காச்சோளக் காட்டுக்கு மேல் நூற்றுக்கணக்கில் பறவைகள் சுருண்டு சுருண்டு திரும்பின. சோளப்பட்சி என்றும் சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். மைனா இனம். உடம்பு இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் கறுப்பு. சோளக் கதிரையும் தின்னும், வெட்டுக்கிளியையும் தின்னும். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டபோது, ஆசிரியர் சீனாவின் கதையைச் சொன்னார். 1958இல் அங்கே தானியத்தைத் தின்கிறது என்று சிட்டுக்குருவியை ஒழிக்க அரசே உத்தரவு போட்டது. ஊர் ஊராகத் தட்டைத் தட்டிக் குருவியை உட்கார விடாமல் விரட்டியே கொன்றார்கள். குருவி தின்னும் பூச்சியும் வெட்டுக்கிளியும் பெருகின. மற்ற காரணங்களோடு அதுவும் சேர்ந்து, பின்னால் வந்த பெரும் பஞ்சத்தைக் கடுமையாக்கியது. 1960இல் குருவியை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், பின்னாளில் இந்தச் சோளப்பட்சி கூடு வைப்பதற்கென்றே கல் குவியல்களும் கூடுகளும் கட்டி வைத்தார்கள். வெட்டுக்கிளியைத் தின்னட்டும் என்றுதான்.

மலை மேலே காற்று குளிர்ந்தது. கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இங்கே மலையாளிப் பழங்குடியினர் சாமை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுகிறார்கள். கடுக்காயும் நெல்லிக்காயும் காட்டிலிருந்து வருகின்றன. சின்னான் குருவிகள் பழம் தின்று விதையைத் தூரமாகப் போட்டுவிடும். நாவலும் அத்தியும் காட்டில் பரவுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. உண்ணிச்செடியைப் பரப்புவதும் அவையேதான். ஒரு பறவையால் நல்லது மட்டும்தான் என்று யாரும் அங்கே சொல்லவில்லை.

ஒரு காட்டோரத்தில் பரண் நின்றது. பக்கத்திலிருந்த பாட்டியிடம் மதகடிக்காரர் பேச்சுக் கொடுத்தார். கதிர் வந்தால் கிளியும் குருவியும் வருமா, என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பாட்டி கவணைக் காட்டினார். கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுவடை வரைக்கும் வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பரணில் இருப்பார்களாம். "வெரட்டறது எங்க வேல, வர்றது அது வேல. அதுக்கு வயிறு இருக்குதுல்ல" என்றார் பாட்டி.

"மருந்து கிருந்து வைக்கறதில்லையாம்மா?"

"மருந்தா? இந்தத் தண்ணிதான கீழ வருது? நீங்கதான குடிக்கிறீங்க?" என்று பாட்டி திருப்பிக் கேட்டார்.

வயலில் எண்ணிக்கை

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் மதகடிக்காரர் மகளை எழுப்பினார். இருவரும் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தார்கள். ஆறு மணிக்குச் சம்பு அசைந்தது. தாழைக்கோழிகள் வந்தன. அவர் துண்டை வீசவில்லை, கத்தவில்லை. எண்ணினார். பதினொன்று. எல்லாமே சம்புக்கு நாலு மீட்டருக்குள்தான் மேய்ந்தன. மேலே பருந்தின் நிழல் போனதும் அத்தனையும் சம்புக்குள் ஓடின. மறைவிடத்தை விட்டுத் தூரம் போக அவற்றுக்குப் பயம்.

வெயில் ஏறியதும் மூங்கில் குச்சியில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி வயலுக்குள் இறங்கினார்கள். 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து இருக்கும். பத்து இடத்தில் வைத்து எண்ணினார்கள். சம்பு ஓரத்தில் ஏறக்குறைய பாதிக் குத்து கடிபட்டிருந்தது. நாலு மீட்டர் உள்ளே போனால் ஒன்றிரண்டுதான். வயல் நடுவில் ஒன்றுகூட இல்லை. வாய்க்காலை ஒட்டிய வரப்பு 60 மீட்டர். அகலம் நாலு மீட்டர். மொத்தம் 240 சதுர மீட்டர், அதாவது சுமார் 6 சென்ட். அதில் பாதி என்றால் 3 சென்ட். 'பாதி வயல் போச்சு' என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, 80 சென்டில் 3 சென்ட்.

மூன்று சென்ட் என்றால் ஏறக்குறைய ஒரு மூட்டை நெல். சின்ன விவசாயிக்கு ஒரு மூட்டை என்பது சும்மா இல்லை. ஆனால் அது ஒரு மூட்டைதான் என்று தெரிந்த பிறகு, செய்ய வேண்டிய வேலையும் தெரிந்தது. தூர் கட்டும் பருவத்தில் கடிபட்ட குத்து பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். கதிர் கட்டும் பருவத்தில் கடித்தால்தான் மீளாது. ஆகவே அதற்குள் அந்த ஓரத்தைக் காப்பாற்றிவிட்டால் போதும்.

பக்கத்து வயல்காரர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, வரப்பை ஒட்டிய வாய்க்கால் சம்பை அறுத்துச் சுத்தம் செய்தார். ஏரிக்குள் இருக்கும் சம்பையும் கோரையையும் தொடவில்லை. தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் அதுதான் வீடு. அங்கே இடம் இருந்தால் வயலில் குடியேற வேண்டியதில்லை. வாய்க்கால் சுத்தமானதில் கடைமடைக்குத் தண்ணீர் வேகமாகப் போனது இன்னொரு நன்மை. அந்த ஓரத்தில் மட்டும் பளபளக்கும் ரிப்பனை முறுக்கிக் கட்டினார். ரிப்பனை ஒரே இடத்தில் விட்டால் சில நாளில் பறவைக்குப் பழகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை இடம் மாற்றுகிறார். காலையில் அவரும் மாலையில் மகளும் ஒரு நடை போய் வருகிறார்கள். மலையில் பாட்டி சொன்ன பரண் வேலைதான் இதுவும்.

வயலுக்குள் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை என்ற கணக்கில், பயிருக்கு மேலே ஓரடி உயரம் நிற்கும்படி பறவைத் தாங்கிக் குச்சிகளையும் நட்டார். கரிச்சானும் பனங்காடையும் அதில் உட்கார்ந்து புழுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். இரவில் கூகை உட்கார்ந்து எலி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மணி தின்னும் குருவிகளுக்கு அதுவே வசதியாகிவிடும். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டுப் பிறகு குச்சியைத் திட்டுபவர்கள் பலர்.

எரவாணத்துப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. பில்லும் பத்திரமாக இருந்தது. கடைக்காரர் முதலில் முனகினார், பிறகு வாங்கிக்கொண்டு அந்தப் பணத்துக்குத் துத்தநாக சல்பேட் கொடுத்தார். பொட்டலம் எதற்காக வாங்கியது என்று மகளிடம் அவர் சொல்லவில்லை. வேனில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த அப்பாவை அவள் பார்த்திருந்தாள். அவளும் கேட்கவில்லை.

தாழைக்கோழிகள் இன்னும் வருகின்றன. முன்போல் பதினொன்று இல்லை, நாலைந்து வருகின்றன. ஓரத்துப் பயிரில் இன்னும் கொஞ்சம் போகத்தான் போகிறது. அவர் மாதத்துக்கு ஒருமுறை மூங்கில் சதுரத்தை வைத்து எண்ணி, மகளின் நோட்டில் எழுதச் சொல்கிறார். அதே நோட்டின் முன்பக்கத்தில் அவள் ஏரிப் பறவைகளை எழுதிவருகிறாள். பங்குனி பாதியில் ஊசிவால் வாத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் வடக்கே கிளம்பிவிட்டன.

போன வாரம் கடிபட்ட குத்துகளை எண்ணத் தொடங்கும்போது, மகள் வழக்கம்போல 'லாபம்' என்று ஆரம்பித்தாள். அவர் நிறுத்தினார்.

"நட்டத்த எண்ணும்போது லாபம்னா சொல்லுவாங்க? ஒண்ணுன்னே சொல்லு."

பிறகு ஏரிப் பக்கம் திரும்பி, "அங்க எண்ணும்போது லாபம்னு சொல்லிக்கலாம்" என்றார்.